மிஸஸ் பார்னெட் வராத செவ்வாய்க்கிழமை

கண்ணாடி உடையும் சத்தம் என் ஹெட்செட்டில் கேட்டது. உடைந்தது இங்கிலாந்தில். உடைக்கச் சொன்ன நான் பதுளை பஜாரில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

மினிபஸ் ஓட்டுநர் கீத், "பின்கதவும் பூட்டியிருக்கிறது. ஜன்னலை உடைக்கவா?" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஆங்கிலத்தில் மட்டுமே அவரோடு பேசி வந்த நான், அந்தப் பதற்றத்தில் "ஒடைங்க" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கிவிட்டது.

இரண்டு வருஷ வேலைக்கு அனுபவக் குறிப்பா என்று பக்கத்து மேசை தினேஷ் கேட்கிறான். எங்கள் அலுவலகத்தில் முதலாளி ரிஸ்வான் நானாவுக்கு, அதாவது ரிஸ்வான் அண்ணனுக்கு, அடுத்த சீனியர் நான்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆகவே எழுதுகிறேன்.

1. எங்கள் மேல் கணக்கு

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் சின்னச் சின்ன ஊர்களுக்கு அரசாங்க பஸ் வருவதில்லை. ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு மினிபஸ் வைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வயதானவர்கள் முதல்நாளே ஃபோன் பண்ணி இடம் பிடிக்க வேண்டும். அந்த ஃபோனை எடுக்க அங்கே ஆள் இல்லை. எனவே அது பதுளையில் ஒலிக்கிறது. ரிஸ்வான் நானாவின் மச்சான் அந்த நாட்டில் இருக்கிறார். அவர் மூலம் வந்த கொன்ட்ராக்ட். கீழே நானாவின் வாப்பா சாரி விற்கிறார். மேலே நாங்கள் நான்கு பேர் பஸ் சீட் பதிகிறோம்.

எங்களுக்கு வந்த மூன்று ஊர்களில் எனக்குக் கொடுத்தது ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. ஊரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உயரத்தில் இருக்கிற டிவிஷனை மேல் கணக்கு என்போம். முதல்நாளே தினேஷ் அந்த ஊருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டான். நானாவும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்.

முதல்நாள் நான் திணறியது ஆங்கிலத்தில் அல்ல, வீட்டுப் பெயர்களில். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீட்டுக்கு இலக்கம் உண்டு, பெயர் கிடையாது. அங்கே பெயர் உண்டு, இலக்கம் கிடையாது. ஒருவர் 'பழைய பேக்கரி' என்றார். பேக்கரியில் இறங்க வேண்டுமா, வீட்டிலா என்று கேட்டேன். அதுதான் வீடு என்றார். அடுத்தவர் 'பழைய பாடசாலை'. அதற்கடுத்தவர் 'பழைய தபால் கந்தோர்'. பேக்கரியும் இல்லை, பாடசாலையும் இல்லை, தபாலும் இல்லை. எல்லாவற்றிலும் வயதானவர்கள் குடியிருந்தார்கள்.

"சாமான் வாங்க என்னதான் செய்றாங்க அந்த ஊருல?" என்று தினேஷ் கேட்டான்.

"கீழ இறங்கணும்."

"அப்ப நம்ம தோட்டமே பரவாயில்ல. ஒரு கடையாச்சும் இருக்கு."

மேப்பில் தெருப்படம் இருக்கிறது அல்லவா, ஃபோன் வராத நேரமெல்லாம் அதில் நான் அந்த ஊருக்குள் நடந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குச் சும்மா இருக்க வராது. கருங்கல் வீடுகள். சதுரக் கோபுரம் வைத்த தேவாலயம். நடுவில் ஒரு புல்வெளி, ஒரு பெஞ்சு, அதைத் தாண்டி மதுக்கடை. சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஒன்று. உள்ளே தொலைபேசிக்குப் பதிலாகப் பழைய புத்தகங்கள். சுவரின் மேல் ஒரு சாம்பல் பூனை. நான் எப்போது போனாலும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஊருக்கு ஒரே ரோடு. நான்கு கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவில் இரண்டு வண்டி ஒதுங்க முடியாது என்று பயணிகளிடமிருந்து தெரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் அங்கே மூடுகிற மூட்டமும் நமுனுகுல மலையில் மூடுகிற மூட்டமும் ஒரே மாதிரிதான். குளிர்தான் வேறு. ரோட்டில் தண்ணீர் உறைந்துவிடும், உப்புப் போடுவார்கள்.

ஒரு வாரத்தில் எனக்கு அந்த ஊர் பழகிவிட்டது. யார் யாருடைய கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்துகிறார், யார் வேலிச் செடியை வெட்டுவதில்லை, யாருடைய நாய் புல்வெளியை அசுத்தம் பண்ணுகிறது என்பதெல்லாம் ஃபோனில் வந்து சேரும். சீட் பதிய ஒரு நிமிஷம் போதும். மிச்ச நேரம் முழுக்க இதுதான்.

"புள்ள, நீங்க ஒரு விஷயம் வெளங்கிக்கோங்க" என்று ரிஸ்வான் நானா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "நாங்க ஃபோன் எடுக்கத்தான் ஈக்கிறோம். அடிக்க இல்ல. அவங்களா கூப்பிட்டா பேசுங்க. நாங்களா யாருக்கும் அடிக்கக் கூடா. அந்த நாட்டுல அதுக்குச் சட்டம் ஈக்கி."

சரி என்றேன். அந்த 'சரி'யை நான் ஒழுங்காகத்தான் காப்பாற்றி வந்தேன்.

2. வராத ஃபோன்

மினிபஸ் செவ்வாய்க்கிழமை கீழ் ஊருக்கு இறங்கும். திங்கட்கிழமை பதிய வேண்டும். திங்களன்று லைன் திறந்ததும் வருகிற முதல் ஃபோன் மிஸஸ் பார்னெட்டுடையது. தனியாக இருக்கிறவர். குரலை வைத்துப் பார்த்தால் எண்பது தாண்டியிருக்கும். "நான்தான்" என்பார், பெயர் சொல்ல மாட்டார். "வழக்கமான சீட்" என்பார். வைத்துவிடுவார். ஊர்க்கதை பேசாத ஒரே ஆள் அவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஃபோன் தவறியதில்லை.

ஒரு திங்கட்கிழமை அது வரவில்லை. பனிக்காலம். அங்கே மதியம் லைன் மூடும்வரை பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் பதிந்துவிட்டார்கள்.

மாலை பஸ்ஸில் எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு வந்து, முகம் கழுவிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தபோது அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொழுந்து எடுக்கிறவர். நான் அந்த ஊர்க்கதைகளைத் தினமும் சொல்வதால் அவருக்கும் எல்லோரையும் தெரியும்.

"அந்தப் பார்னெட்டம்மா இன்னைக்குக் கூப்புடலம்மா."

"ஒடம்புக்கு முடியலயோ என்னமோ. யாரு போயி பாத்தா?"

"யாரும் போகல. அங்க அப்புடியெல்லாம் போக மாட்டாங்க."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினார். "மேல் கணக்கு மேல் கணக்குன்னு சொல்ற. பெரட்டு இல்லையா அங்க?"

"இல்லம்மா."

"அப்ப ஒரு ஆளு வரலன்னா எப்புடித் தெரியும்?"

பெரட்டு என்பது காலையில் வேலை பிரிக்கக் கூடுகிற கூட்டம். கங்காணி பெயர் கூப்பிடுவார். குரல் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் 'காச்சல்', 'ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு' என்று ஏதாவது சொல்லுவார். யாருக்கும் தெரியவில்லை என்றால் ஒரு ஆள் லயத்துக்கு ஓடும். எங்கள் வரிசையில் மாரியாயி அக்கா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அவர் இன்றைக்கும் அதைச் சொல்வார்: "என் பேரு கூப்புட்டு நான் கொரல் குடுக்கல. அதுனாலதான் பொழச்சேன்."

செவ்வாய்க்கிழமை லைன் திறந்ததும் நான் மிஸஸ் பார்னெட்டின் இலக்கத்தை அழுத்தினேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். மூன்றாம் முறை தினேஷ் தன் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

"நானா பாத்தா செத்த."

"அவங்க செத்துட்டாங்களான்னுதான் பாக்குறேன்."

மினிபஸ்ஸுக்கு அவசர லைன் ஒன்று இருக்கிறது. அதில் கீத்தைக் கூப்பிட்டேன். கீத் வண்டி ஓட்டுகிறவர் மட்டுமல்ல, பஸ் கமிட்டியின் தலைவரும் அவர்தான். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு முதல் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வர விருப்பமில்லையோ என்னவோ" என்றார்.

"நான் வேலைக்கு வந்ததிலிருந்து அவர் வராத செவ்வாய் இல்லை. ஃபோனும் எடுக்கவில்லை."

வண்டியின் பின்னாலிருந்து ஒரு கிழவர், "எனக்கு இன்று கண் ஆஸ்பத்திரி, கீத். எத்தனை மாதமாகக் காத்திருந்த திகதி" என்றார். ஒரு பெண் குரல், "அவள் தரையில் கிடந்தால் உன் கண்ணா பெரிசு?" என்றது. உறைந்த ரோட்டில் கீத் வண்டியைத் திருப்பினார்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஜன்னல் உடைந்தது. கீத் உள்ளே போனார். ஒவ்வோர் அறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பி வந்து, "ஆள் இல்லை" என்றார். "கோட் இல்லை. பூட்ஸ் இல்லை. கைத்தடியும் இல்லை."

விழுந்து கிடக்கிறவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போயிருக்க மாட்டார்.

வெளியே எங்காவது விழுந்திருக்கலாம் என்று இரண்டு பேர் வயல் பக்கம் தேடப் போனார்கள். மற்றவர்கள் குளிரில் விறைத்துப்போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்கள். லைனை நான் வைக்கவில்லை. கோப்பைச் சத்தம் கேட்டது. தேடப் போனவர்கள் ஒன்றும் காணாமல் திரும்பிய சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அடுத்துக் கேட்டது எனக்கு நன்றாகப் பழகிய குரல்.

"என் சமையலறையில் என்ன நடக்கிறது?"

கீத் ஏதோ முனகினார். 'பதுளை' என்ற சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஃபோன் கைமாறியது.

"நீதானா?"

"ஆமாம் மேடம்."

"நான் ஃபோன் பண்ணினேனா?"

"இல்லை மேடம்."

"ஃபோன் பண்ணாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்?"

நான் வாய் திறக்குமுன் பதிலும் அவரிடமிருந்தே வந்தது.

"நான் வரவில்லை என்று அர்த்தம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

3. கூட்டம்

முறைப்பாடு அன்றைக்கே வந்துவிட்டது. மிஸஸ் பார்னெட் ஒன்று, கண் ஆஸ்பத்திரித் திகதியைத் தவறவிட்ட கிழவர் ஒன்று. அவர் மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுதான் எனக்குப் பெரிதாக வலித்தது.

ரிஸ்வான் நானா சத்தம் போடவில்லை. மேசைக்குக் கீழே சிக்கிக் கிடந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே பேசினார்.

"என்னத்துக்குப் புள்ள இப்புடிச் செஞ்சீங்க?"

"வரலன்னா போய்ப் பாக்கணும்தானே நானா."

"நாங்க எங்க ஈக்கிறோம், அவங்க எங்க ஈக்கிறாங்க. இது போனா மத்த ரெண்டு ஊரும் போகும். ஒருத்தன் கதைச்சா எல்லாம் கதைப்பாங்க. வாப்பா இப்பவே மாடிய கோடவுனுக்குத் தரச் சொல்றாரு." வயரைக் கீழே வைத்தார். "கமிட்டி வீடியோவுல கூப்புடுது. நீங்க சொரி மட்டும் சொல்லுங்க. பெரட்டு, கங்காணி ஒண்டும் வேணாம்."

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. உயர்தரப் பரீட்சை முடித்தவர்கள் எங்கள் டிவிஷனில் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள், அல்லது ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், உலகத்தோடு பேசுகிற ஒரு வேலை எனக்குக் கிடைத்திருந்தது. என் ஒருத்தியால் மற்ற மூன்று பேருக்கும் அது போகப் பார்த்தது.

வீடியோவில் அவர்களுடைய ஊர் மண்டபம் தெரிந்தது. பிளாஸ்டிக் கதிரைகள், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர். ஜன்னலுக்கு வெளியே மூட்டம். முன்வரிசையில் சிவப்புக் கம்பளித் தொப்பியோடு ஒரு சின்ன உருவம். மிஸஸ் பார்னெட்டின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கண் ஆஸ்பத்திரிப் பெரியவரிடம் தனியாகவும் கேட்டேன். நானா எனக்குப் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்கும். கீத் கேட்டுவிட்டார்.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஒருவர் ஒரு தடவை ஃபோன் பண்ணவில்லை என்றதும் ஏன் அப்படிப் பயந்தீர்கள்?"

நானாவின் கால் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டியது. எனக்கோ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க வராது. பெரட்டைச் சொன்னேன். மாரியாயி அக்காவைச் சொன்னேன்.

"தேடி வருவது அவர்களுக்குப் பிடிக்காவிட்டால்?" என்று கீத் கேட்டார்.

"பல பேருக்குப் பிடிக்காது. ரெண்டு நாள் பேசாமல் இருப்பார்கள். பிறகு சரியாகிவிடும்."

சிலர் சிரித்தார்கள். மிஸஸ் பார்னெட் சிரிக்கவில்லை. கை தூக்கிவிட்டுப் பேசினார்.

"நான் விழுந்து கிடந்திருந்தால் இந்தப் பெண் செய்தது சரி. நான் விழவில்லை. அதுதான் பிரச்சினை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் குன்றில் இருக்கிறேன். நான் என்ன பால் வாங்குகிறேன் என்றுகூட இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமையாவது யாருக்கும் சொல்லாமல், வயல் பாதையால் இறங்கி, ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று போனேன். திரும்பி வந்தால் என் கேத்தலில் ஐந்து பேருக்குத் தேத்தண்ணி."

அவர் சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எங்கள் லயத்தில் நான் எந்த பஸ்ஸில் வந்தேன், பையில் என்ன கொண்டு வந்தேன் என்று பத்து வீட்டுக்குத் தெரியும். அதிலிருந்து கொஞ்சம் தப்பிக்கத்தானே மேப்பில் அந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒருவர் தப்பிக்கப் பார்த்திருக்கிறார். நான் போய்ப் பிடித்துவிட்டேன்.

"எனக்கும் அப்படித்தான் மேடம்" என்றேன். நானா கண்ணை மூடிக்கொண்டார். "ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் எல்ல என்ற ஊர் வரைக்கும் ரயிலில் போய், ஸ்டேஷனிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் ஊர்க் கடைக்காரரின் மருமகன் அங்கே நின்றிருக்கிறான். நான் வீடு வருமுன் நான் சாப்பிட்டதுவரை அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது."

"என்ன சாப்பிட்டாய்?"

"பருப்பு வடை."

"நன்றாக இருந்ததா?"

"ஆறிப்போயிருந்தது."

சிவப்புத் தொப்பி மேலும் கீழும் ஆடியது. "என் கேக்கும் காய்ந்துபோய்த்தான் இருந்தது" என்றார்.

கமிட்டி கொன்ட்ராக்டை ரத்துப் பண்ணவில்லை. ஜன்னலைக் கீத்தே சரிபண்ணிக் கொடுத்தார். ஒரு நிபந்தனை போட்டார்கள்: வழக்கமாக வருகிறவர் கூப்பிடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் நான் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். கேட்டேன். பாதிப்பேர் பக்கத்து வீட்டுக்குச் சொல்லச் சொன்னார்கள். ஒருவர், மகனுக்கு மட்டும் சொல்லிவிடாதே, உடனே என்னை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவான் என்றார். கண் ஆஸ்பத்திரிப் பெரியவர், "முதலில் என்னைக் கீழே இறக்கிவிடு, பிறகு யாரை வேண்டுமானாலும் தேடு" என்றார். மிஸஸ் பார்னெட்டின் பதில், "ஒன்றும் செய்ய வேண்டாம்."

அப்படியே பதிந்தேன். இந்தத் தடவை அதை மதிப்பதாகவே இருந்தேன்.

4. இரண்டு பதில்கள்

அதற்குப் பின் ஒரு திங்கட்கிழமை. லைன் திறந்தது, முதல் ஃபோன்.

"நான்தான்."

"வழக்கமான சீட்தானே மேடம்?"

"இல்லை. நாளை நான் வரவில்லை. எங்கே போகிறேன் என்று சொல்ல மாட்டேன். இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுவேன். சொல்லிவிட்டேன்."

வைத்துவிட்டார். பதிகிற இடத்தில் வராதவர்களுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. நான் ஹெட்செட்டைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். "என்ன, மேல் கணக்குல யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று தினேஷ் கேட்டான். யாரும் சாகவில்லை என்றேன். இப்போதும் எப்போதாவது அப்படி ஒரு ஃபோன் வரும். ஒரு சொல் கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டார். செவ்வாய் போய்ப் புதன்கிழமை கீத்திடம் நானும் எதுவும் கேட்பதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் வாய் திறக்காததற்கு அர்த்தம் நம்முடைய ஊரில் ஒன்று, அவருடைய ஊரில் வேறு. எது என்று நாமாகத் தீர்மானிக்காமல் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ஸ்கிரிப்டில் அது இல்லை. நானா இப்போது சேர்த்திருக்கிறார்.

மிஸஸ் பார்னெட் சொல்லித் தந்த முறையை வீட்டிலும் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை, அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

"அம்மா, நாளைக்கு நான் வெளிய போறேன். எங்கன்னு கேக்காதீங்க. அந்திக்கு வந்துருவேன்."

அம்மா பிசைவதை நிறுத்தவில்லை. மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"கேக்கல" என்றார். "அந்தின்னா, எந்த பஸ்ஸுல?"